மனு எழுதுமுன்

(காரைக்காலில் பேசியதன் சுருக்கம்)



வேறு தொழிலுக்குப் போக நினைக்கும் நம் வாலிபர்கள் முதலில் யாரைத் தேடுகிறார்கள்? ஒருவன் மனு எழுதித் தருபவனைத் தேடுகிறான். மற்றொருவன் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஜோசியனிடம் ஓடுகிறான். தனக்கு என்ன தெரியும், போகிற வேலைக்கு என்ன தெரிய வேண்டும் என்பதை மாத்திரம் இருவரும் யோசிப்பதில்லை.

அப்பன் தொழில்தான் மகனுக்கு என்பதை நாம் ஒப்புக்கொள்ளுவதில்லை. சென்னை ராஜ்யத்தில் 1953-ல் ராஜாஜி கொண்டுவந்த அரைநேரப் பள்ளித் திட்டம், குலக்கல்வி என்று கண்டிக்கப்பட்டு, 1954-ல் காமராஜரால் கைவிடப்பட்டது. அப்போது பிரெஞ்சு ஆட்சியிலிருந்த காரைக்காலுக்கு அந்தத் திட்டம் வரவில்லை. ஆனால் குலத்தொழிற் புத்திக்கு எல்லைக்கோடு ஏது?

என்றாலும், பழைய தொழிலை விட்டுவிட்டால் மாத்திரம் போதுமா? 19-ஆம் நூற்றாண்டில் இதே காரைக்காலிலிருந்து நம் ஏழை மக்கள் ரெயூனியன், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேற்றப்பட்டார்கள். 5 வருஷ ஒப்பந்தத்தில் போனவர்களில் பலர் திரும்பவேயில்லை. இன்றோ 1983-ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டப்படி வெளிநாட்டுக்கு ஆள் சேர்க்கும் ஏஜெண்டு பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவைக் கேட்காமல் பணத்தைக் கட்டிவிட்டுப் பிறகு தலைவிதி என்பது அறிவுடைமையாகுமா?

பத்து வருஷம் விசைப்படகில் போனவன் மனுவில் "அனுபவம் இல்லை" என்று எழுதுகிறான். இஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பது, டீசலுக்கும் ஐஸுக்கும் கணக்குப் பார்ப்பது, நாலு பேரோடு ஒத்து ராத்திரி முழுதும் உழைப்பது, இவையெல்லாம் அனுபவமல்லவா? கூடையில் மீன் விற்கும் தாய்மார் வட்டியையும் லாபத்தையும் மனத்திலேயே போடுவது கணக்கல்லவா? பாடுபடுகிறவனின் அறிவை அறிவென்றே மதிக்காத ஜாதிப் புத்தியல்லவா நம் கையைப் பிடித்து அப்படி எழுத வைக்கிறது?

ஆகையால் முதலில், தெரிந்ததையெல்லாம் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். இரண்டாவது, போக நினைக்கும் வேலையில் இருப்பவனையே கண்டு, கூலி, நேரம், ஆபத்து, வேண்டிய சர்ட்டிபிகேட் இவற்றை விசாரியுங்கள். மூன்றாவது, குறைவதைக் கற்றுக்கொள்ளுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடையுள்ள 61 நாட்களில், வலை, படகு வேலை போக மிஞ்சும் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். நாலாவது, சம்பளம் வரும்வரை வீட்டில் அடுப்பெரியக் கொஞ்சமாவது சேர்த்து வையுங்கள். பசித்தவன் எந்தக் கூலிக்கும் தலையாட்டுவான்.

மனு என்பது இந்தக் கணக்கின் கடைசி வரி. கணக்கைப் போட்டவனுக்கு அதை எழுத அரைமணி போதும். போடாதவனுக்கு எந்த நல்ல நேரமும் உதவாது.