கஞ்சித் துணியும் சலைன் பாட்டிலும்
(கடையநல்லூரில் நெசவுத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் மத்தியில் நிகழ்த்திய உரை)



பாவுக்குக் கஞ்சி காய்ச்சுகிறவர்களுக்கு நாம் ஒன்றும் புதிதாகச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கஞ்சி சரியாக வேகாவிட்டால் நூலில் பிடிக்காது. வெந்த கஞ்சியைத் துணியில் வடிகட்டாமல் விட்டால் கட்டி நூலில் ஒட்டி, அச்சில் போய் இழை அறும். பனையேறிக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கும் இது தெரியும். பதநீரை வடிகட்டித்தான் அடுப்பில் ஏற்றுகிறோம். காய்ச்சுவது, வடிகட்டுவது, இந்த இரண்டு வேலைகளும் நம் கைக்குப் பழகியவை. இன்று பேச வந்த விஷயமும் இவையேதான். ஆனால் அங்கே வடிகட்டப்படுவது கஞ்சி அல்ல. நம் ரத்தத்தில் ஏற்றப்படும் தண்ணீர்.

2012ஆம் ஆண்டு மே, ஜூன் மாதங்களை இந்த ஊர் மறந்திருக்காது. அன்று நாம் திருநெல்வேலி மாவட்டம். டெங்குக் காய்ச்சல் இந்த ஊரைத்தான் கடுமையாகத் தாக்கியது. டெங்குக் கிருமியைக் கொல்லும் மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து உடல் வற்றும்போது, அளவறிந்து நீர் ஏற்றுவதே உயிர் காக்கும் வைத்தியம். அந்தப் பாட்டிலில் இருப்பது என்ன? நூறு பங்கில் ஒரு பங்குக்கும் குறைவான உப்பு. மீதி எல்லாம் தண்ணீர்.

ஆனால் எந்தத் தண்ணீர்? கருப்பாநதித் தண்ணீரைக் குடித்தால் வயிறு தாங்கும். வயிற்றில் அமிலம் இருக்கிறது, குடலில் காவல் இருக்கிறது. ஊசி வழியே போகும் தண்ணீருக்கு எந்தக் காவலும் கிடையாது. நேரே இருதயத்துக்குப் போய்விடும். ஆகவே அதைத் தயாரிக்கும் ஆலையில்தான் காவல் இருந்தாக வேண்டும்.

முதல் காவல் உஷ்ணம். 100 டிகிரியில் கொதிக்க வைத்தால் அநேகக் கிருமிகள் செத்துவிடும். சில கிருமிகள் மட்டும் விதை நெல் போலக் கெட்டித் தோலுக்குள் ஒடுங்கிக் கிடக்கும்; கொதிநீரிலும் சாகா. அவற்றைக் கொல்ல, மூடிய கலத்தில் நீராவியை அழுத்தி 121 டிகிரிக்கு ஏற்றி, குறைந்தது 15 நிமிஷம் வைக்க வேண்டும். பாய்லர் பக்கம் வேலை செய்கிறவர்களுக்கு இது புரியும்: சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அழுத்தம். ஒரு நிபந்தனை உண்டு. கலத்திலுள்ள காற்று முழுவதும் வெளியேறி, எல்லா இடத்திலும் நீராவியே நிற்க வேண்டும். காற்று தங்கிய மூலையில் அழுத்தம் இருக்கும், உஷ்ணம் இராது.

அப்படியானால் கிருமி செத்தால் போதுமா? போதாது! ஊசி போட்ட சில மணி நேரத்தில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வருவது ஒரு காலத்தில் எல்லா நாட்டு ஆஸ்பத்திரிகளிலும் சகஜம். காரணத்தைத் துலக்கியவர் புளோரன்ஸ் சைபர்ட் என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானி, 1923ஆம் ஆண்டு. கிருமி செத்தாலும் அதன் மேலோட்டுப் பொருள் தண்ணீரில் கரைந்து நிற்கிறது. அதுவே காய்ச்சலைக் கொடுக்கிறது. 121 டிகிரியிலும் அது அழியாது, சாதாரண நுண்வடிகட்டியிலும் நிற்காது. தண்ணீரை ஆவியாக்கி மீண்டும் குளிர வைக்கும்போது, அந்த ஆவியோடு தெறிக்கும் சிறு துளிகளில் ஏறித்தான் அது தப்பி வந்தது. துளியைத் தடுக்கும்படி அவர் காய்ச்சும் கலத்தையே மாற்றி அமைத்தார். கஷாயம் கொதிக்கும்போது மூடியில் தெறிக்கிறதே, அந்தத் தெறிப்பில் இருந்தது அத்தனை ரகசியமும்!

இப்படிக் காய்ச்சி எடுத்த நீரையும் தேக்கி வைக்கக் கூடாது. ஆலைகளில் அதைச் சுமார் 80 டிகிரி சூட்டில், இரவும் பகலும் குழாயில் ஓடவிட்டுக் கொண்டே இருப்பார்கள். நிற்கும் நீரில் கிருமி குடியேறும். எவரும் திறக்காத கிளைக் குழாய் ஒன்று நீளமாகத் தொங்கினால், அது ஒன்றே போதும்.

சில மருந்துகள் உஷ்ணம் தாங்கா, கெட்டுவிடும். அவற்றுக்கு வடிகட்டிதான் கதி. தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த வடிகட்டிச் சவ்வின் கண் 0.22 மைக்ரான். நம் கஞ்சித் துணி கிழிந்தால் கண்ணுக்குத் தெரியும். இது கிழிந்தால் தெரியாது. அதனால் சவ்வை நனைத்து, ஒரு பக்கமிருந்து காற்றை அழுத்திப் பார்ப்பார்கள். குறித்த அழுத்தத்துக்கு முன்பே குமிழி வந்தால் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்.

இனி, இங்கிலாந்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இதைத் தொழிலாளிகள் கவனமாகக் கேட்க வேண்டும்.

1971 ஏப்ரலில் ஓர் ஆலையில் குளுக்கோஸ் பாட்டில்களை நீராவிக் கலத்தில் ஏற்றினார்கள். கலத்தின் கீழ்ப்பகுதியில் காற்று வெளியேறாமல் தங்கிவிட்டது. அழுத்தமானி சரியாகக் காட்டியது. உஷ்ணத்தைக் காகிதத்தில் வரைந்து காட்டும் கருவி மட்டும் ஏறவில்லை. வேலை செய்தவர்கள் என்ன நினைத்தார்கள்? கருவி பழுது என்று நினைத்தார்கள்! சரக்கு வெளியே போயிற்று. ஏறத்தாழ ஒரு வருஷம் கழித்து, 1972 மார்ச்சில், பிளிமத் நகரின் டெவன்போர்ட் ஆஸ்பத்திரியில் அந்தப் பாட்டில்கள் நோயாளிகளுக்கு ஏற்றப்பட்டன. ஐந்து பேர் மாண்ட பின்புதான் விஷயம் வெளிப்பட்டது. கிளாதியர் தலைமையில் விசாரணை நடந்தது. அந்தக் கலத்தில் உண்மையைச் சொன்னது, பழுது என்று ஒதுக்கப்பட்ட அந்த ஒரு கருவிதான்.

அந்தத் தொழிலாளிகளைக் கொலைகாரர்கள் என்று நாம் சொல்லமாட்டோம். பழுதான கருவிகளோடு வேலை செய்தே பழகியவன், சரியான கருவியையும் பழுது என்றுதான் நினைப்பான். நம் மில்களில் எத்தனை மானிகள் உடைந்த கண்ணாடியோடு நிற்கின்றன? நீங்களே சொல்லுங்கள்.

சீமைக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் செங்கல்பட்டு மாவட்டத்து ஆலை ஒன்று அமெரிக்காவுக்குக் கண் சொட்டு மருந்து அனுப்பியது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் அங்கே 18 மாகாணங்களில் 81 பேருக்குக் கிருமி தொற்றியது. நான்கு பேர் இறந்தார்கள், 14 பேர் பார்வை இழந்தார்கள். இங்கே தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்த மாதிரிகளில் கிருமி இல்லை என்றது. அமெரிக்க அதிகாரிகள் ஆலைக்கே வந்து பார்த்து, தயாரிப்பு முறையே குறைபாடுள்ளது என்று எழுதினார்கள். சில பாட்டில்களைச் சோதித்து முழுச் சரக்கையும் அறிய முடியாது. செய்முறை ஒழுங்காக நடந்ததா என்பதே கேள்வி.

காய்ச்சினாலும் வடிகட்டினாலும் போகாத விஷமும் உண்டு. இருமல் மருந்தில் கரைப்பானாகப் புரொபிலீன் கிளைக்கால் சேர்ப்பது வழக்கம். அதன் சாயலிலேயே டைஎத்திலீன் கிளைக்கால் என்று ஒன்று இருக்கிறது. தெளிவானது, இனிப்பானது, விலை மலிவான தொழிற்சாலைச் சரக்கு. சிறுநீரகத்தைக் கொல்லும். கரைந்த பொருள் ஆகையால் எந்தச் சவ்விலும் நிற்காது. அது கொதிக்கவே 245 டிகிரி வேண்டும். பீப்பாய் வந்து இறங்கியதும் சோதிப்பது ஒன்றே வழி. 1937இல் அமெரிக்காவில் இது நூற்றுக்கு மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்தில் ஸ்ரீசன் ஆலை தயாரித்த கோல்ட்ரிஃப் மருந்தில் நம் மாநிலச் சோதனைக்கூடம் கண்டது 48.6 சதவிகிதம்! அனுமதிக்கப்பட்ட அளவோ 0.1 சதவிகிதம். மத்தியப் பிரதேசத்தில், பெரும்பாலும் சிந்துவாரா மாவட்டத்தில், இருபதுக்கு மேற்பட்ட குழந்தைகள் மாண்டன. பீப்பாயைச் சோதிக்கும் செலவை மிச்சம் பிடிப்பவன் யாருடைய பிள்ளையை வைத்துக் கணக்குப் போடுகிறான்?

மருந்து ஆலைகளுக்கான விதிகளை, அட்டவணை எம் என்பார்கள், மத்திய சர்க்கார் 2023 டிசம்பரில் கடுமையாக்கியது. சிறிய ஆலைகள் கேட்டதும், விண்ணப்பித்தவர்களுக்கு 2025 டிசம்பர் 31 வரை தவணை கொடுத்தது. சிந்துவாராவில் பிள்ளைகள் செத்தது அந்தத் தவணைக் காலத்துக்குள்தான்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்று ஓசூரிலும் சென்னையைச் சுற்றியும் ஒப்பந்தக் கூலிகளாக இத்தகைய ஆலைகளில் நிற்கிறார்கள். ஊருக்கு வரும்போது அவர்களிடம் சம்பளத்தை மட்டும் விசாரிக்காதீர்கள். உஷ்ணமானி ஏறாவிட்டால் கலத்தை நிறுத்த உனக்கு அதிகாரம் உண்டா, நிறுத்தினால் கூலி பிடிப்பார்களா என்று கேளுங்கள். செய்யாத சோதனைக்குக் கையெழுத்துப் போடச் சொன்னார்களா என்றும் கேளுங்கள்.

ஆஸ்பத்திரியில் பாட்டில் மாட்டும்போது ஒரு நிமிஷம் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். கலங்கலோ, துகளோ, நூல் போல மிதப்பதோ தெரிந்தால், அமுக்கும்போது எங்கேனும் கசிந்தால், நர்ஸம்மாவிடம் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். தெளிவாக இருந்தால் நல்லது என்று அர்த்தமல்ல. ஆனால் கலங்கியிருந்தால் கெட்டது என்பது நிச்சயம். மேலே ஒட்டியிருக்கும் தொகுதி எண்ணை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எழுதத் தெரியாதவர்கள் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.