நாயுடன் மலையேறுதல்

நான்கு கால் உடைய நாய் நம்மினும் எளிதாக மலையேறும் என்றே யானும் எண்ணியிருந்தேன்.

ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது; மேலே குளிர்ச்சிதான். ஆனால் அடிவாரத்துக் கோடை சேலத்துக் கோடையே. சித்திரை மாதத்து முற்பகல் ஒன்றில் காட்டுவழியே என் நாயுடன் ஏறினேன். பாதி வழியில் அது நாத் தொங்கக் கால் தடுமாறிச் சாய்ந்தது. அதுவரை ஓரடியும் பின்தங்கவில்லை. இடரே அதுதான். களைத்த மாணவன் வாய்விட்டுச் சொல்வான். நாயோ விழும்வரை தொடரும். அதற்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. உள்ளங்காலில் சிறிது வியர்க்கும். பெரும்பாலும் மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்ளும்.

நிழலில் கிடத்தி, குடிநீர் முழுவதையும் அதன் வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி விசிறினேன். வாயில் வலிந்து புகட்டவில்லை, புரையேறிவிடும். கண் திறந்ததும் தோளில் சுமந்து இறங்கி, கால்நடை மருத்துவரிடம் சேர்த்தேன், பிழைத்தது.

இப்போது விடிந்ததும் புறப்படுகிறோம். பாறையில் புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். 7 வினாடி பொறுக்க இயலாவிடில் அதன் பாதமும் பொறாது. சிறுத்தை நாயைக் கவரும். ஆதலின் வாரை அவிழ்ப்பதில்லை, அந்திக்கு முன்பே ஊர் திரும்பிவிடுவோம். வீடு வந்ததும் காதிலும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுவேன். அதற்கு மட்டும் அது உடன்படுவதில்லை.