மயக்கமும் வியப்பும்



மனக்குழப்பத்தையும் வியப்பையும் குறிக்க ஆங்கிலத்தில் சொற்கள் பல உண்டு. சிறிய அகராதிகள் ஒன்றுக்கு மற்றொன்றையே பொருளாகத் தருவதால், எதை எழுதினாலும் சரியே என்று மாணவர் கருதிவிடுகின்றனர். ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் நானும் அவ்வாறே கருதியிருந்தேன். என்னைத் திருத்தியவன் ஒரு மாணவன்.

மலையடிவாரச் சிற்றூர் ஒன்றிலிருந்து எங்கள் பள்ளி விடுதிக்கு வந்தவன் அவன். 'பள்ளியில் என் முதல் நாள்' என்ற ஆங்கிலக் கட்டுரையில், தான் 'பிவில்டர்டு' ஆனதாக எழுதியிருந்தான். அகராதியில் பொறுக்கிய ஆடம்பரச் சொல் என்றெண்ணி அதனைச் சிவப்பு மையால் அடித்தேன். 'சர்ப்ரைஸ்டு' என்று மேலே எழுதி, ஒரு மதிப்பெண்ணும் குறைத்தேன். பையன் தயங்கித் தயங்கி என் மேசையருகே வந்தான். "ஐயா, எனக்கு வியப்பாக இல்லை, எந்தப் பக்கம் போவதென்றே தெரியவில்லை" என்றான்.

அன்றிரவு பெரிய அகராதியைப் புரட்டினேன். வழி தவறச் செய்தல் என்பதே அச்சொல்லின் பழம்பொருள்! நீண்ட தாழ்வாரத்தில் திசை தெரியாமல் நின்ற சிறுவனுக்கு அதைவிடப் பொருத்தமான சொல் ஏது? மறுநாள் வகுப்பில் அனைவர் முன்னும் என் பிழையை ஒப்புக்கொண்டு, மதிப்பெண்ணைத் திருப்பித் தந்தேன்.

அதன்பின் மற்றச் சொற்களின் வேரையும் தேடினேன். 'கன்பியூஸ்டு' என்பதன் இலத்தீன் வேருக்கு ஒன்றாகக் கொட்டிக் கலத்தல் என்று பொருள். பானிப்பட்டுப் போர்கள் நடந்த 1526, 1556, 1761 ஆகிய ஆண்டுகளை மாற்றி மாற்றி எழுதுபவனின் நிலை இது. கணக்கு ஒன்று பிடிபடாமல் விடையைத் தேடவைத்தால் நீங்கள் 'பசில்டு'. 'பர்பிளெக்ஸ்டு' என்பதன் வேர் பின்னலைக் குறிக்கும். தேர்வும் தமக்கையின் திருமணமும் ஒரே நாளில் வந்தால் மனத்தில் விழும் சிக்கல் அது, கவலையும் கலந்தது.

இனி வியப்பு. எதிர்பாராதது நேர்ந்தால், நல்லதாயினும் தீயதாயினும், 'சர்ப்ரைஸ்டு' போதும். அதனினும் வலியது 'அஸ்டானிஷ்டு'. அதன் வேரில் இடியோசை இருக்கிறது. 'அமேஸ்டு' என்பதோ, புகுந்தவர் வெளியேற வழியறியாத சுற்றுப்பாதையாகிய 'மேஸ்' என்பதன் உறவு. முன்னாளில் மதி மயங்குதலைக் குறித்தது. இந்நாளில் பெருவியப்பைக் குறிக்கிறது.

நம் தொல்காப்பியரும் வியப்புக்கு 'மருட்கை' என்று பெயரிட்டு, புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கால் அது தோன்றும் என்கிறார். மருள் என்றால் மயக்கமன்றோ? வியப்பும் மயக்கமும் அண்டை வீட்டார் என்பதை இரு மொழிகளும் கண்டிருக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. பாடம் விளங்காதபோது 'ஐ ஆம் கன்பியூசிங்' என்று எழுதாதீர்கள். நான் பிறரைக் குழப்புகிறேன் என்பதே அதன் பொருள். 'ஐ ஆம் கன்பியூஸ்டு' என்றே எழுதுங்கள்.

சொல்லைத் தேடுமுன் உங்கள் மனத்தைக் கேளுங்கள்: செய்திகள் கலந்தனவா, விடை கிட்டவில்லையா, வழி தவறியதா, எதிர்பாராதது வந்ததா? விடை தெரிந்தால் சொல் தானே வரும். அந்தச் சிறுவன் அப்படித்தான் எழுதினான், அடித்தவன் நான்.