குடிபெயரும் குடும்பங்களும் குழந்தைகளின் மனமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுமாறு சங்கத்தார் எனக்குப் பணித்த விஷயம் சிறியதுபோலத் தோன்றினும், நம் சமூகத்தின் வருங்காலத்தைப் பற்றியதாகும். வீடு மாறிச் செல்லும் குடும்பங்களிலுள்ள குழந்தைகளைப் புதிய இடத்திற்கு எவ்வாறு பழக்குவது என்பதே அது.

இராயபுரம் முதல் எண்ணூர் வரையிலுள்ள இக்கரையில் வாழும் நம்மவர்க்குக் குடிபெயர்தல் புதிதன்று. துறைமுகத்தின் பொருட்டும், தொழிற்சாலைகளின் பொருட்டும், கடலரிப்பினாலும் இப்பக்கத்துக் குப்பங்கள் பலமுறை இடம் மாறியுள்ளன. 2004ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில், சுமத்திராவுக்கு அருகே எழுந்த பூகம்பத்தால் கடல் பொங்கியதை நாம் எவரும் மறக்கவில்லை. அதன்பின் நம் கரையோரக் குடும்பங்கள் பல, திருவொற்றியூர்க் கார்கில் நகரில் அமைந்த தற்காலிகக் கொட்டகைகளிற் குடியேற்றப்பட்டன. 2005ஆம் ஆண்டு மழையில் அக்கொட்டகைகளிலும் வெள்ளம் புகுந்தது. பின்னர் எர்ணாவூரில் எழுந்த அடுக்குக் குடியிருப்புகளுக்குப் பலர் சென்றனர். சில ஆண்டுகளுக்குள் மூன்று வீடு கண்ட குழந்தைகள் அன்று நம்மிடையே இருந்தனர். அவர்கள் இன்று பிள்ளை பெற்றவர்களாயிருக்கின்றனர். 2023ஆம் ஆண்டிலும் அதே டிசம்பர் 26ஆம் தேதி நள்ளிரவில், எண்ணூர்ப் பெரியகுப்பத்தருகே கடலடிக் குழாயினின்று அம்மோனியா கசிந்தபோது, தாய்மார்கள் உறங்கும் குழந்தைகளை வாரியெடுத்துக்கொண்டு வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது.

இவ்வாறு இடம் மாறும் காலத்தில் பெரியவர்கள் பட்டாவைப் பற்றியும், குடும்ப அட்டையைப் பற்றியும், படகையும் வலையையும் வைக்கும் இடத்தைப் பற்றியும் கவலையுறுகின்றனர். அது நியாயமே. ஆயின் குழந்தையைப் பற்றிக் கேட்டால், "பிள்ளைதானே, நாலு நாளில் பழகிவிடும்" என்று கூறிவிடுகின்றனர். இக்கூற்றை நான் மறுக்கின்றேன்.

குப்பத்திலே பிறந்த குழந்தைக்கு வீடு என்பது நான்கு சுவர்கள் மட்டுமன்று. எதிர்வீடு அத்தை வீடு. பின்வீடு பெரியப்பா வீடு. பசித்தால் எந்த வாயிலிலும் சோறு கிடைக்கும். தகப்பனார் கடலினின்று திரும்பும் நேரம் அதற்குத் தெரியும். ஓடிச்சென்று கரையில் நிற்கும். அடுக்குக் குடியிருப்பிலோ கதவுகள் சாத்தியிருக்கின்றன; படிக்கட்டு இருட்டாயிருக்கின்றது; தகப்பனார் விடியுமுன் காசிமேட்டுக்குப் புறப்பட்டு, குழந்தை உறங்கியபின் வருகின்றார். குழந்தை வீட்டோடு ஊரையும் உறவையும் ஒருங்கே இழந்தது. அதைச் சொல்லத் தெரியாமல், உண்ண மறுக்கின்றது, இரவில் அலறுகின்றது, பழக்கம் விட்டபின்னும் படுக்கையை நனைக்கின்றது. இதைப் பிடிவாதமென்று கருதி அடிப்பது பெருங் கொடுமை. பல வாரங்கள் கடந்தும் இந்நிலை நீங்காவிடின் மருத்துவரிடம் காட்டல் வேண்டும். அதில் வெட்கம் எதுவுமில்லை.

நம் பக்கத்திற்கே குடிவந்த ஒரு குழந்தையின் சரித்திரத்தை நினைவூட்டுகின்றேன். 1823ஆம் ஆண்டு மருதூரிற் பிறந்த இராமலிங்க அடிகள், கைக்குழந்தையாயிருந்தபொழுதே தந்தையாரை இழந்தார். தாயார் சின்னம்மையார் பிள்ளைகளுடன் பொன்னேரியை அடுத்த சின்னகாவணத்திற்கும், பின்பு சென்னை ஏழுகிணற்றுப் பகுதிக்கும் குடிவந்தார். தமையனார் சபாபதி பிள்ளை, தம்பி பள்ளிப்படிப்பிற் கருத்தூன்றவில்லையென்று கடிந்தார். அண்ணியாரோ அன்புடன் அன்னமிட்டு ஆதரித்தாரென்றும், மாடியில் அவருக்கெனத் தனியறை ஒன்று அளிக்கப்பட்டதென்றும் அவர் சரித்திரம் கூறும். திருவொற்றியூர்ச் சந்நிதிக்கு அவர் நடந்து சென்று வழிபடுவதும் வழக்கமாயிற்று. இதனின்று நாம் அறியத்தக்கவை மூன்று: குழந்தையை உணர்ந்த ஒருவர் வீட்டில் இருத்தல் வேண்டும், தனக்கெனச் சிறு மூலையேனும் அதற்கு வேண்டும், மனம் ஒன்றிச் செல்லுதற்கு ஓரிடம் வெளியிலும் வேண்டும்.

இனிச் செய்யத்தக்கவற்றைச் சொல்லுகின்றேன். வீடு மாறப்போவதைக் குழந்தைக்கு முன்னரே சொல்லுங்கள். சாமான் ஏற்றும் வண்டி வந்து நிற்கும்பொழுது அறியவிடாதீர்கள். கூடுமாயின் ஒருமுறை அழைத்துச் சென்று புது வீட்டைக் காட்டுங்கள். பழைய பாயையும், தலையணையையும், விளையாட்டுப் பொருள்களையும் "குப்பை" என்று எறிந்துவிடாதீர்கள். முதல் வாரத்தில் கடை, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றிற்குக் கைப்பிடித்து நடத்திச் செல்லுங்கள். கொள்கலன் லாரிகள் இடைவிடாது ஓடும் நம் சாலைகளில் எங்கே கடப்பது என்பதை முதலிற் கற்பியுங்கள். விடுமுறை நாளில் பழைய குப்பத்திற்கும், தாத்தா பாட்டியிடமும் அழைத்துச் செல்லுங்கள். பழைய இடத்தை நினைப்பதனால் புதிய இடம் கசந்துவிடாது.

எல்லாவற்றினும் முக்கியமானது பள்ளிக்கூடம். இடம் மாறும்போது நின்ற படிப்பு பலருக்கு மீண்டும் தொடங்குவதில்லை. பையன் வலையிழுக்கப் போகின்றான். பெண் தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ள வீட்டிலிருக்கின்றாள். மாற்றுச் சான்றிதழ் வரவில்லையே என்று காத்திருத்தல் வேண்டா. 2010ஆம் ஆண்டு ஏப்ரல் 1ஆம் தேதி முதல் அமலுக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவின்படி, பழைய பள்ளியின் தலைமையாசிரியர் அச்சான்றிதழை உடனே வழங்கக் கடமைப்பட்டவர். அது தாமதமாவதைக் காரணங்காட்டி அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ சேர்க்கையை மறுத்தலோ தள்ளிவைத்தலோ கூடாது. படிப்பை இடையில் விட்ட 6 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளையையும் அதன் வயதிற்கேற்ற வகுப்பிற் சேர்த்து, தனிப்பயிற்சி அளித்தல் வேண்டுமென 4ஆம் பிரிவு விதிக்கின்றது. இவ்வுரிமையை அறியாது எத்தனை பிள்ளைகள் ஓராண்டை இழக்கின்றனர்!

கடைசியாக நம் சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். திருமணத்திற்கும் ஈமச்சடங்கிற்கும் நாம் ஒன்றுகூடுகின்றோம், கைப்பொருளும் உதவுகின்றோம். ஒரு குடும்பம் குடிபெயரும் நாளை மட்டும் அக்குடும்பத்தின் சொந்தக் கவலையாக விட்டுவிடுகின்றோம். இனி அவ்வாறு விடலாகாது. புது இடத்தில் முன்னரே வாழும் நம் குடும்பமொன்று, வருவோரை வரவேற்கும் பொறுப்பை ஏற்கட்டும். முதல் நாள் உலையை அவர்கள் வீட்டில் வைக்கட்டும். கற்ற இளைஞர் ஒருவர் அக்குழந்தைகளுடன் பள்ளிக்குச் சென்று சேர்த்துவிட்டு வரட்டும். மூன்று திங்கள் கழித்து, அவர்கள் பள்ளிக்குச் செல்கின்றனரா என்று சங்கம் விசாரிக்கட்டும். இதற்குப் பெரும் பொருள் வேண்டுவதில்லை. மனமும் சில மணி நேரமுமே போதும்.

நாம் நட்ட வீடுகளைக் கடல் கொண்டுபோகலாம். நாம் வாழ்ந்த மணலைப் பிறர் கேட்கலாம். "எனக்கு இங்கே ஒருவருமில்லை" என்று நம் குழந்தை ஒன்றுகூட எண்ணாதபடி காப்பது நம் கையிலேயே இருக்கின்றது.