ஓரப் பூக்கள் சொல்லும் செய்தி

(ஜமாஅத் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் பள்ளிவாசல் அலமாரியில் முன்னோர் வக்ஃபு செய்த கையெழுத்து முஸ்ஹஃபுகள் சில உள்ளன. அவற்றுள் ஒன்று தையல் விட்டுப்போனதால், வெளியூரில் பைண்டிங் செய்யக் கொடுத்தோம். ஓரங்களைச் சமமாக வெட்டி, புது அட்டையிட்டுத் தந்தார்கள். பார்வைக்கு அழகாகவே இருந்தது. விரித்தபோதுதான், பக்க ஓரத்துப் பொன்னிற வட்டப் பூக்கள் பாதி பாதியாக அறுபட்டிருக்கக் கண்டோம். ‘வெறும் பூ வேலைதானே’ என்று நம்மில் பலர் அன்று ஆறுதல் கூறிக்கொண்டோம். அது சரிதானா என்பதை இன்று சிந்திப்போம்.

பழங்காலப் பிரதிகளில் இன்றுபோல் ஆயத்துகளுக்கு எண் இடும் வழக்கம் இல்லை. ஆயத்து முடியுமிடத்தில் சிறு பூ ஒன்று வரையப்பட்டது. ஐந்து ஆயத்துகளுக்கு ஒருமுறை, அப்ஜத் கணக்கில் ஐந்தைக் குறிக்கும் ‘ஹா’ எழுத்தோ அதற்கென ஓர் அடையாளமோ வந்தது. பத்துக்கு ஒருமுறை வட்டப் பதக்கம் வந்தது. ஸஜ்தாச் செய்யுமிடமும் ஜுஸ்உ தொடங்குமிடமும் ஓரத்திலேயே அறிவிக்கப்பட்டன. ஹிஜ்ரி 391இல் பக்தாதில் இப்னுல் பவ்வாப் எழுதிய முஸ்ஹஃப் இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் உள்ளது. அதன் ஓரங்களிலும் இத்தகைய பதக்கங்களைக் காணலாம். ஆக, ஓரப் பூ அலங்காரம் மட்டுமன்று, ஓதுபவருக்கு வழிகாட்டியுமாகும். நம் வீட்டு முஸ்ஹஃபுகளின் ஓரத்தில் ருகூஉவைக் காட்டும் ‘ஐன்’ எழுத்தும், அதனோடுள்ள மூன்று எண்களும் அந்த மரபின் தொடர்ச்சியே.

அடுத்து, இவ்வடிவங்களுக்கு ஆழ்ந்த உட்பொருள் உண்டா என்று சிலர் வினவுவர். வட்டப் பதக்கம் ஒன்றின் பெயர் ‘ஷம்ஸா’. ஷம்ஸ் என்றால் சூரியன். அங்கே பெயரே பொருளைச் சொல்கிறது. ஆனால் எட்டு முனை நட்சத்திரத்தைக் கண்டவுடன் சுவனத்தின் எட்டு வாசல்கள் என்று உரைப்பது எளிது. அச்சுப் பிரதிகளில் அது ஹிஸ்பின் கால்பகுதியைக் காட்டும் குறி. 60 ஹிஸ்புகளுக்கு 240 கால்பகுதிகள் என்பதே அதன் கணக்கு.

இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனை நூலகத்தில் கட்டடக் கலைஞர்களின் வடிவங்கள் வரைந்த பழஞ்சுருள் ஒன்று உள்ளது. அதில் 114 வடிவங்கள் உள்ளதாக ஆய்வாளர் எண்ணியுள்ளனர். சூராக்களும் 114 அல்லவா என்று நம் மனம் தாவும்! எண்ணொற்றுமை ஒன்றே சான்றாகிவிடாது. வரைந்தவர் சொல்லாததை அவர் பெயரால் சொல்லாதிருப்பதே அமானிதம். சட்டத்தில் வெட்டுண்டு நிற்கும் பின்னல் அதற்கப்பாலும் நீள்வதாகத் தோன்றி, முடிவற்றவனை நமக்கு நினைவூட்டலாம். அது நம் உள்ளத்து உணர்வு. அவ்வளவில் அது நல்லதே.

சகோதரர்களே! பைண்டிங் செய்தவரைக் குறை கூறிப் பயனில்லை. ஓரத்தில் என்ன இருக்கிறது என்று நாமே அறியாமல் கொடுத்தோம். எஞ்சிய பிரதிகளையேனும் காப்போம். முதலில் ஒவ்வொரு பக்கத்தையும் புகைப்படம் எடுப்போம். ஆலிம்களையும் சுவடிக் காப்பு அறிந்தவர்களையும் கலந்தபின்பே பழுதுபார்க்கக் கொடுப்போம். ‘ஓரத்தை வெட்டலாகாது’ என எழுதியே கொடுப்போம்.

முன்னோர் விட்டுச்சென்ற அமானிதத்தைப் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.