கல் இருக்கும், குரல் இருக்குமா?

(ஆண்டுச் சந்திப்பில் முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் சுருக்கம்)

 

மறைந்த நம் ஆசிரியர்களுக்கு வைக்கப்போகும் நினைவுக் கல்லில் க்யூஆர் குறியைப் பதிக்கலாம் என்று சங்கத்தில் ஒரு யோசனை வந்திருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனா செய்யறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் சொல்லிடறேன்.

இந்தக் குறி பிறந்தது ஜப்பானில். 1994-இல் டென்ஸோ நிறுவனத்தில் மசாஹிரோ ஹாரா குழுவினர் வாகன உதிரி பாகங்களை அடையாளம் காண இதை உருவாக்கினார்கள். 2008-இல் அதே நாட்டில் 'இஷி நோ கோஎ' என்ற நிறுவனம் இதைக் கல்லறைக்குக் கொண்டுவந்தது. 'கல்லின் குரல்' என்று பொருள். அங்கே ஒரே கல்லின் கீழ் ஒரு குடும்பத்துப் பலருடைய அஸ்தி இருக்கும். முகப்பில் பெரும்பாலும் குடும்பப் பெயர் மட்டுமே. செல்போனைக் காட்டினால் தாத்தாவின் படம் வருகிறது என்றால் பேரப்பிள்ளைக்கு எவ்வளவு சந்தோஷம்!

சரி, சிக்கல் எங்கே? அந்தக் கட்டத்துக்குள்ளே தாத்தாவின் படம் இல்லை. படம் இருக்கும் இடத்தின் விலாசம்தான் இருக்கிறது. குறியில் ஏறக்குறைய 30 சதவீதம் சிதைந்தாலும் படிக்கும்படி அமைக்கலாம். ஆனா விலாசத்துல வீடே இல்லேன்னா? ஜப்பானில் பலரும் சொந்தப் பக்கங்கள் வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2019 மார்ச்சோடு மூடப்பட்டது. அப்படி மூடிய பக்கத்துக்கு வழிகாட்டும் குறி வெறும் புள்ளிக்கோலம்தான்.

ஆகவே மூன்று வேண்டுகோள். ஒன்று, ஆசிரியரின் பெயர், ஆண்டுகள், நடத்திய பாடம் மூன்றையும் எழுத்திலேயே செதுக்குவோம். இரண்டு, ஒரு குறி அதிகபட்சம் 2,953 பைட் கொள்ளும். விலாசத்துக்குப் பதில் சில வரி வாழ்க்கைக் குறிப்பையே அதற்குள் வைத்தால் இணையம் இல்லாமலும் படிக்கலாம். மூன்று, படங்களும் குரலும் இணையத்தில் இருக்கட்டும். ஆண்டுக் கட்டணத்தைச் சங்கக் கணக்கில் நிரந்தரச் செலவாக எழுதுவோம். அச்சுப் பிரதி ஒன்று கல்லூரி நூலகத்தில் இருக்கட்டும்.

மாணவத் தம்பி, தங்கைகளே! இந்த ஆசிரியர்களை நீங்கள் பார்த்ததில்லை. எங்களுக்குப் பிறகு அந்தக் கணக்கைப் பார்க்கப்போவது நீங்கள்தான். கல்லை நடுவது ஒரு நாள் வேலை. விலாசத்தைக் காப்பாற்றறது வருஷா வருஷம் செய்யற வேலை. அதற்கும் சேர்த்து இன்றே தீர்மானம் போடுவோம்.