ஆகாயக் கப்பலில் ஒரு கடவுள்



இன்று நாம் பேசப் போவது ஒரு கட்டுக் கதையைப் பற்றியதாகும். கட்டுக் கதையென்று முதலிலேயே சொல்லி விடுகின்றோம். ஏனெனில், “புராணமெல்லாம் பொய்யென்று ஊர் ஊராய்ச் சொல்லித் திரிகிறவர்கள் இங்கு வந்து ஆகாயக் கப்பல் கதை அளக்கிறார்களே, இது மாத்திரம் நிஜமோ?” என்று கேட்க யாராவது ஒரு நண்பர் காத்துக் கொண்டிருப்பார். நிஜமல்ல, சுத்தப் பொய்தான். ஆனால், இந்தப் பொய்யை எழுதியவர் ஜானி பைர்ன் என்கின்ற தன் பெயரை அதில் போட்டிருக்கின்றார். ஆண்டவன் தன் காதில் வந்து ஓதினான் என்று அவர் சொல்லவில்லை. இதை நம்பாதவன் நரகத்திற்குப் போவான் என்றும் எழுதி வைக்கவில்லை. நடித்தவர்களுக்குக் கூலி கொடுத்தார்களேயொழிய, அவர்களுக்குக் கோவில் கட்டவில்லை.

இங்கிலாந்து தேசத்தில் ‘ஸ்பேஸ் 1999’ என்று ஒரு தொலைக்காட்சித் தொடர் தயாரித்து, 1975 முதல் 1977 வரை காட்டினார்கள். மொத்தம் 48 கதைகள். ஜெர்ரி ஆண்டர்சன், சில்வியா ஆண்டர்சன் என்கின்ற தம்பதிகள் இதை உண்டாக்கினவர்கள். சந்திரனில் குவித்து வைத்திருந்த அணுக் கழிவு 1999-ம் வருஷம் செப்டம்பர் 13-ந் தேதி வெடித்துச் சந்திரனே பூமியை விட்டு ஓடிப் போகின்றதாகவும், அதில் ‘ஆல்பா’ என்னும் குடியிருப்பிலிருந்த 311 பேர் திரும்ப வழியின்றி ஆகாயத்தில் உயிர் பிழைக்கப் போராடுவதாகவும் கதை. அந்த 1999-ம் வருஷமும் வந்து போய் விட்டது. சந்திரன் பழைய இடத்திலேயேதான் சுற்றிக் கொண்டிருக்கின்றது. விநாடிக்கு 3 லட்சம் கிலோ மீட்டர் ஓடுகின்ற வெளிச்சமே, சூரியனுக்கு அடுத்தபடி நமக்குக் கிட்டத்தில் உள்ள நட்சத்திரத்திலிருந்து இங்கு வந்து சேர 4 வருஷத்திற்கு மேல் ஆகின்றது. அப்படியிருக்க, உருண்டோடுகின்ற சந்திரன் வாரத்திற்கொரு உலகத்தை எட்டிப் பார்க்கின்றது என்றால் அது குழந்தைகளுக்குத்தான் ஆகும். அதில் நமக்குச் சண்டையில்லை.

நமக்கு வேண்டியது ‘மிஷன் ஆஃப் த டேரியன்ஸ்’ என்கின்ற ஒரே ஒரு கதை. அது 1975-ல் வந்தது.

‘டேரியா’ என்று ஒரு பிரம்மாண்டமான ஆகாயக் கப்பல். ஒரு ஜாதி மனிதர் முழுவதும் தங்கள் உலகத்தை விட்டு வேறு உலகம் தேடிப் போகின்ற கப்பல் அது. அதிலிருந்து ஆபத்தென்று கூக்குரல் கேட்டு, ஆல்பாவின் தலைவர் கோனிக், பேராசிரியர் பெர்க்மன், டாக்டர் ஹெலினா முதலியவர்கள் உதவிக்குப் போகின்றார்கள். போய்ப் பார்த்தால் மேலே ஒரு கூட்டம், கீழே ஒரு கூட்டம். 900 வருஷத்திற்கு முன் கப்பலின் அணு உலை வெடித்திருக்கின்றது. காப்பான அறைகளிலிருந்த ஒரு சிலர் ஊனமில்லாமல் தப்பினார்கள். மற்றவர்களின் சந்ததியார் கதிர் வீச்சில் உருக் கெட்டும், அறிவு மழுங்கியும் கீழ்த் தளங்களில் காட்டு மனிதராய்த் திரிகின்றார்கள். கப்பலில் விளைச்சல் இல்லை. அப்படியானால் 900 வருஷமாய்ச் சாப்பாடு ஏது? தோழர்களே! மனித உடம்புதான் சாப்பாடு. யந்திரத்தில் போட்டு உருத் தெரியாமல் ஆக்கி, அதையே எல்லோரும் உண்ணுகின்றார்கள். மேலே இருப்பவர்களுக்கோ இன்னும் ஒரு படி அதிகம். அவர்களுடைய ஈரல் கெட்டாலும், இருதயம் கெட்டாலும் கீழே உள்ளவனிடமிருந்து ஒன்றை எடுத்து வைத்துக் கொண்டு 900 வருஷமாய்ச் சாகாமல் இருக்கின்றார்கள்.

மேலே இருப்பவர்கள் கொஞ்சம் பேர்; கீழே இருப்பவர்கள் ஏராளம். இந்தக் கொஞ்சம் பேர் அந்த ஏராளமான பேரை எப்படிப் பிடித்துத் தின்ன முடிந்தது? போலீசு வைத்தா? பட்டாளம் வைத்தா? அதெல்லாம் ஒன்றுமில்லை. ஒரு கடவுளை வைத்தார்கள். நீமன் என்று அதற்குப் பெயர். மேலே இருக்கின்ற கூட்டத்தின் தலைவனுடைய முகமேதான் அந்தக் கடவுளின் முகம். கீழே ஒரு பூசாரி. அவன் ஒவ்வொருவரையும் சோதித்துப் பார்ப்பான். உடம்பில் ஊனமிருந்தால் அசுத்தம் என்று ஒரு பெட்டிக்குள் நிறுத்திச் சாம்பலாக்குவது. ஊனமில்லாமலிருந்தால் நீமனுக்கு உகந்தவன் என்று மேலே அனுப்புவது. ஊனமுள்ளவன் சாப்பாட்டுக்கு, ஊனமில்லாதவன் வைத்தியத்திற்கு! ஆல்பாவிலிருந்து போன லோரி என்பவனுக்குக் கையில் ஒரு விரல் குறைவு. அந்த ஒரு விரலுக்காக அவனைப் பெட்டியில் தள்ளிக் கொன்று விடுகின்றார்கள். டாக்டர் ஹெலினாவுக்குக் குறையொன்றுமில்லை. ஆகவே அந்த அம்மாளைக் கடவுளுக்கு அனுப்புகின்றார்கள்.

அந்தப் பூசாரி யாரென்று நினைக்கின்றீர்கள்? அவன் மேல் தளத்துக்காரனல்ல, கீழே உள்ளவனேதான். இந்தக் கதையில் நமக்கு மிகவும் உண்மையாய்ப் பட்டது இந்த இடம்.  சோதித்துப் பிரிக்கின்ற வேலையைக் கீழே உள்ளவர்களே பக்தியோடு செய்து கொள்ளுகின்றார்கள்.

இனி மேலே இருப்பவர்களின் நியாயத்தையும் கேளுங்கள். காரா என்கின்ற பெண் அதைச் சொல்லுகின்றாள். ஜோன் காலின்ஸ் என்னும் பெயர் பெற்ற நடிகை அந்த வேஷம் போட்டார். தங்கள் இனத்தின் கலப்பற்ற வித்துக்களை ஒரு பெட்டகத்தில் காப்பாற்றி வைத்திருக்கின்றார்களாம். புது உலகம் போய்ச் சேர்ந்ததும் அதிலிருந்து பரிசுத்தமான மக்களை உண்டாக்குவார்களாம். அதற்காகத்தான் இவ்வளவுமாம்! இனிமேல் பிறக்கப் போகின்றவனின் சுத்தத்திற்காக இன்று உயிரோடிருப்பவனைத் தின்பதாம். ஆனாலும் “வேறு என்னதான் செய்வது? எல்லோரும் பட்டினி கிடந்து சாவதா?” என்று கேட்டால், அது தள்ளிவிடக் கூடிய கேள்வியல்ல.

அதற்கு நாம் வேறொரு கதையைத் தேட வேண்டியதில்லை; நடந்த சங்கதியே இருக்கின்றது. 1972-ம் வருஷம் அக்டோபர் 13-ந் தேதி தென் அமெரிக்காவில் ஆண்டீஸ் மலைப் பனியில் உருகுவே நாட்டு விமானமொன்று விழுந்தது. அதிலிருந்தவர்கள் 45 பேர். 72 நாள் கழித்து மீண்டவர்கள் 16 பேர். தின்ன ஒன்றுமில்லாமல், செத்துப் போன சிநேகிதர்களின் உடம்பைத் தின்று பிழைத்தார்கள். ஆனால் எப்படி? வட்டமாய் உட்கார்ந்து வெளிப்படையாய்ப் பேசினார்கள். “நான் செத்தால் என் உடம்பை நீங்கள் எடுத்துக் கொள்ளுங்கள்” என்று ஒருவருக்கொருவர் சம்மதம் சொல்லிக் கொண்டார்கள். யாரும் யாரையும் கொல்லவில்லை. கடைசியில் பர்ராடோ, கனெஸா என்கின்ற இரண்டு வாலிபர்கள் பத்து நாள் மலையேறி நடந்து போய் உதவி கொண்டு வந்தார்கள். அவர்கள் எல்லாம் கத்தோலிக்க மத நம்பிக்கையுள்ளவர்கள்தான். தங்கள் செய்கைக்கு மதத்திலிருந்தே ஆறுதல் தேடிக் கொண்டவர்களும் உண்டு. அதை நாம் மறைக்கவில்லை. அந்தப் பனியில் இருந்தவனெல்லாம் ஒரே தளத்தில் இருந்தான். நாளைக்குத் தானும் சாப்பாடாகலாம் என்று தெரிந்தே சாப்பிட்டான். டேரியாவில் அந்தச் சம்மதம் கேட்கப்படவே இல்லை. கேட்டால் கிடைக்காது என்று தெரிந்ததால்தான் அங்கே நீமன் வேண்டியிருந்தது.

முடிவு என்னவென்றால், கீழ்த் தளத்துக்காரர்கள் மேலே வந்து விடுகின்றார்கள். ஹாடின் என்பவன் நீமனை நேரில் கண்டதும் தெய்வமென்று மண்டியிடுகின்றான். பிறகுதான் அதுவும் தன்னைப் போல் சதையும் எலும்புமான ஒரு ஆள் என்று தெரிகின்றது. அப்புறம் நீமன் பிழைக்கவில்லை. வித்துப் பெட்டகமும் நொறுங்கிப் போகின்றது. வெறி தலைக்கேறி எல்லோரையும் கொன்று விடுவார்கள் போலிருக்கும்போது, கோனிக் குறுக்கே நின்று, இரு கூட்டமும் சேர்ந்தால்தான் இரு கூட்டமும் பிழைக்கும் என்று சொல்லித் தடுக்கின்றார்.

ஆல்பாக்காரர்கள் தங்கள் சந்திரனுக்குத் திரும்பி விடுகின்றார்கள். கடவுள் செத்த பிறகும் கப்பலில் பசி இருக்கின்றது. அந்த யந்திரமும் இருக்கின்றது. மறுநாள் காலையில் டேரியாவில் யார் எதைச் சாப்பிட்டார்கள், அதை யார் கூடி முடிவு செய்தார்கள் என்பதை ஜானி பைர்ன் எழுதவில்லை. நாமாயிருந்தால் அதைத்தான் முதலில் எழுதியிருப்போம்.

கேள்வி கேட்க விரும்புகின்ற தோழர்கள் இப்பொழுது எழுந்து கேட்கலாம்.